கழிப்பறைக்கு அப்பால்: கடைமடை ஊர்களின் கழிவுநீரும் நம் குடல்நோய்களும்

மஞ்சள் காமாலைக்கோ டைபாய்டு காய்ச்சலுக்கோ சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் வேளையில், நோயாளியின் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வீட்டில் கழிப்பறை இருக்கிறது. குடிப்பது குழாய்த் தண்ணீர்தான். பிறகு எப்படி டாக்டர் இந்த நோய் வந்தது?"

நியாயமான கேள்வி. திறந்தவெளியில் மலம் கழித்தால் நோய் பரவும், கழிப்பறை கட்டினால் நின்றுவிடும் என்று சுவர் விளம்பரங்கள் சொல்கின்றன. அது உண்மையின் ஒரு பாதி. தண்ணீர் ஊற்றியதும் கண்ணுக்கு மறைந்துபோகிறதே, அது எங்கே போய்ச் சேருகிறது என்பது மறுபாதி. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து வரும் குடும்பங்களுக்கு இந்த மறுபாதியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். கடற்கரையோரச் சிற்றூர்களை முதன்மையாக மனத்திற்கொண்டு எழுதுகிறோம். ஆற்றின் மேற்பகுதியில் வாழ்வோருக்கும் இதில் பங்குண்டு. அவர்கள் வாய்க்காலில் விடுவதே கடைமடைக்கு வந்து சேருகிறது.

மண்ணும் நீர்மட்டமும்

கல்லணையிலிருந்து கிளைத்துப் பிரியும் ஆறுகளும் வாய்க்கால்களும் கடலை நெருங்க நெருங்கச் சரிவை இழந்து மெதுவாகின்றன. கடலோரத்தில் மணல்மேடுகள், அவற்றின் பின்புறம் தாழ்ந்த களிமண் வயல்கள். மீனவர் குடியிருப்புகள் பெரும்பாலும் மணல்மேட்டின்மீதும், உழவர் தெருக்கள் அதற்குப் பின்னாலும் அமைந்துள்ளன. கோடையில் நிலத்தடி நீர் சற்று இறங்கும். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால், ஐப்பசி கார்த்திகையில், கொல்லையில் ஒரு முழம் தோண்டினாலே நீர் ஊறும் ஊர்கள் பல உண்டு.

இந்த ஒரு செய்தி கழிவுநீர் பற்றிய கணக்கை முற்றிலும் மாற்றிவிடுகிறது. நாட்டின் பிற பகுதிகளில் பரிந்துரைக்கப்படும் உறிஞ்சு குழிக் கழிப்பறை ஓர் எளிய நம்பிக்கையின்மீது நிற்கிறது. குழியிலிருந்து கசியும் நீர், வறண்ட மண்ணின் வழியே மெல்ல இறங்கும்போது கிருமிகள் மண்துகள்களில் ஒட்டிக்கொண்டு மடிந்துவிடும் என்பதே அந்த நம்பிக்கை. அதற்கு வறண்ட மண் வேண்டும். பேரிடர்க்கால முகாம்களுக்காக உலக அளவில் பின்பற்றப்படும் ஸ்பியர் நெறிமுறை, குழியின் அடிப்பகுதி நிலத்தடி நீர்மட்டத்திற்குக் குறைந்தது 1.5 மீட்டர் மேலே இருக்க வேண்டும் என்றும், குடிநீர்க் கிணற்றிலிருந்து 30 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. அடிபம்புக்கும் கழிப்பறைக் குழிக்கும் இடையே பத்தடிகூட இல்லாத மனைகளில் 30 மீட்டருக்கு எங்கே போவது? மழைக்காலத்தில் 1.5 மீட்டர் வறண்ட மண்ணை எங்கே தேடுவது? அங்கே குழி என்பது உண்மையில் ஒரு கிணறு. குழியின் நீரும் அடிபம்பின் நீரும் நிலத்தடியில் ஒரே நீர்.

"செப்டிக் டேங்க் கட்டியிருக்கிறோமே" என்பார்கள். அந்தச் சொல்லைச் சற்றே ஆராய வேண்டும். முறையான செப்டிக் டேங்க் என்பது தளமும் சுவரும் பூசி, நீர் கசியாதவாறு கட்டப்பட்டு, குறைந்தது இரண்டு அறைகளாகப் பிரிக்கப்பட்ட தொட்டி. கழிவு அதில் ஓரிரு நாள் தங்கும். கனமானவை அடியில் படியும், எண்ணெய்ப் பசையுள்ளவை மேலே மிதக்கும், காற்றில்லாத நிலையில் வாழும் பாக்டீரியாக்கள் படிந்ததைச் சிறிது சிறிதாகச் செரிக்கும். வெளியேறும் நீர் பார்வைக்குத் தெளிந்திருக்கலாம். ஆனால் நோய்க்கிருமிகள் அதில் ஏராளமாக மீந்திருக்கும். ஆகவே அந்நீரும் மேற்கொண்டு சுத்திகரிக்கப்பட வேண்டும். அடியில் சேரும் கசடை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அகற்றவும் வேண்டும்.

நம் ஊர்களில் செப்டிக் டேங்க் என்று அழைக்கப்படுபவற்றில் பல, தளம் போடாமல் சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கியவையே. "கட்டிப் பதினைந்து வருடம் ஆயிற்று, ஒருமுறைகூட நிரம்பவில்லை" என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். நிரம்பாத தொட்டி ஒழுகும் தொட்டி. பதினைந்து ஆண்டுக் கழிவுநீர் அக்கம்பக்கத்து மண்ணுக்குள் சென்றிருக்கிறது என்பதே அதன் பொருள்.

குழாய்த் தண்ணீருக்குள் அது எவ்வாறு நுழைகிறது

கடலோரத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பேறிவிட்டதால், குடிநீர் நெடுந்தொலைவிலிருந்து வருகிறது. கொள்ளிடத்தை ஆதாரமாகக் கொண்ட வேதாரண்யம் கூட்டுக்குடிநீர்த் திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எடுக்கும் இடத்தில் நீர் நன்றாகவே இருக்கும், குளோரினும் கலக்கப்படும். சிக்கல் கடைசிச் சில நூறு அடிகளில் நேர்கிறது.

குழாயில் நாள் முழுவதும் நீர் ஓடுவதில்லை. சில மணி நேரம் வரும், பிறகு நிற்கும். ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் இருப்பதால், விரிசல் இருந்தாலும் நீர் வெளியே கசியுமேயன்றி வெளிநீர் உள்ளே வராது. நின்றவுடன் நிலைமை தலைகீழாகும். அழுத்தம் குறைந்த குழாய், சுற்றியுள்ள ஈர மண்ணிலிருக்கும் நீரை விரிசல் வழியே உள்ளே இழுக்கும். அந்த ஈரம் பக்கத்து வீட்டுக் குழியிலிருந்து கசிந்ததாக இருக்கலாம். மறுநாள் நீர் திறக்கும்போது முதலில் வருவது அதுவே.

இதைவிட நேரடியான வழி ஒன்றும் உண்டு. அழுத்தம் போதாத தெருக்களில் வீட்டுவாசலில் பள்ளம் தோண்டி, தரைமட்டத்திற்குக் கீழே குழாயைத் திறந்து, குடத்தை உள்ளே வைத்துப் பிடிக்கும் வழக்கத்தை நம்மில் பலரும் கண்டிருப்போம். மழைபெய்தால் அந்தப் பள்ளத்தில் சாக்கடை நீர் தேங்கும். குழாயின் வாய் அதில் மூழ்கிக் கிடக்கும். மின்மோட்டாரை நேரடியாகக் குழாயில் பொருத்தி உறிஞ்சும் வீடு பக்கத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். எங்களைக் கேட்டால், குடிநீரைக் காய்ச்சுவதற்கு அடுத்தபடியாக ஒரு குடும்பம் செய்யத்தக்க மிகப் பயனுள்ள வேலை இந்தப் பள்ளத்தை மூடி, குழாயைத் தரைக்கு மேலே ஓரடியாவது உயர்த்துவதுதான். அழுத்தம் குறைந்து குடம் நிரம்ப நேரமாகும் என்பது உண்மை. ஊராட்சியிடம் முறையிட வேண்டியது அந்த அழுத்தக் குறைவைப் பற்றியே.

உடலுக்குள் நிகழ்வது

மலத்தின் வழியே வெளியேறி வாய்வழியே நுழையும் நோய்கள் பல. வயிற்றுப்போக்கு, காலரா, டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் ஈ, அமீபா, குடற்புழுக்கள் ஆகியவை நாம் அடிக்கடி காண்பவை. காலரா சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாள்களுக்குள் வெளிப்பட்டுவிடும். டைபாய்டு வெளிப்பட ஒன்று முதல் நான்கு வாரங்கள்வரை ஆகலாம். ஹெபடைடிஸ் ஈ இரண்டு முதல் பத்து வாரங்கள்வரை ஒளிந்திருக்கும். ஐப்பசி வெள்ளத்தில் குடித்த நீருக்கு மார்கழியில் கண் மஞ்சளானால் இரண்டையும் யார் இணைத்துப் பார்ப்பார்கள்? "சென்ற வாரம் வெளியில் சாப்பிட்டது சேரவில்லை" என்றே முடிவுகட்டுவோம்.

ஹெபடைடிஸ் ஈ பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பெரும்பாலானோருக்கு அது சில வாரங்களில் தானே சரியாகிவிடும். கருவுற்றிருக்கும் பெண்களுக்கு, குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், அது உயிர்கொல்லி. அந்நிலையில் தொற்றுக்குள்ளாவோரில் நூற்றுக்கு 20 முதல் 25 பேர்வரை இறக்க நேரிடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. நம் நாட்டில் இதற்குத் தடுப்பூசி பொதுப் பயன்பாட்டில் இல்லை. ஆகவே வீட்டில் கர்ப்பிணி ஒருவர் இருக்கும்போது, குடிநீர் கொதிக்கத் தொடங்கிய பின் மேலும் ஒரு நிமிடமாவது நன்கு தளதளவென்று கொதித்ததா என்பது சிறு செய்தி அன்று. கர்ப்பிணிக்குக் கண்ணோ சிறுநீரோ மஞ்சளாகத் தெரிந்தால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

புழுக்களின் கதை வேறு. உருண்டைப்புழுவின் முட்டை ஈரமண்ணில் மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும். கொக்கிப்புழுவின் இளம்புழு வாய்வழியே நுழையக் காத்திருப்பதில்லை. வெறுங்காலின் தோலைத் துளைத்தே உள்ளே போகும். கழிவுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலோடு நடப்போரும் வேலை செய்வோரும் இரத்தசோகையோடு எங்களிடம் வரும்போது, இரும்புச்சத்து மாத்திரையோடு புழுநீக்க மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது இதனால்தான். பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் வழங்கப்படும் அல்பெண்டசோல் மாத்திரையைக் குழந்தை தவறாமல் உட்கொள்ளட்டும். ஆனால் மருந்து வயிற்றிலுள்ள புழுவைத்தான் நீக்கும். கொல்லை மண்ணிலுள்ள முட்டையை நீக்குவதற்கு மாத்திரை கிடையாது.

குழிக்கு மாற்று: தரைக்கு மேலே ஒரு கழிப்பறை

தோண்ட முடியாத மண்ணில் என்ன செய்வது என்ற கேள்விக்குக் கடலோர மக்களிடையிலிருந்தே ஒரு விடை எழுந்தது. 1990-களில் கேரளத்தில் திருவனந்தபுரத்தை அடுத்த புல்லுவிளை என்னும் மீனவ ஊரில், பால் கால்வர்ட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் குழியே இல்லாத உரக் கழிப்பறையை வடிவமைத்தார். மலம், சிறுநீர், கழுவும் நீர் மூன்றையும் தனித்தனியே பிரிப்பதே அதன் அடிப்படை. மேலைநாடுகளில் இருந்த இத்தகைய கழிப்பறைகள் காகிதம் பயன்படுத்துவோருக்கானவை. தண்ணீரால் கழுவும் நம் பழக்கத்திற்கென ஒரு தனியிடத்தை அதில் சேர்த்தது முக்கியமான மாற்றம்.

காவிரிப் பகுதியில் இம்முறையைப் பரப்பியதில் திருச்சியைச் சேர்ந்த ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனத்திற்குப் பெரும் பங்குண்டு. அதன் நிறுவனர் மராச்சி சுப்புராமனுக்கு 2021-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. காவிரிக்கரையிலுள்ள முசிறியில் பொதுமக்களுக்கான சூழல் கழிப்பறை ஒன்று அமைக்கப்பட்டு, பயன்படுத்துவோருக்குக் கட்டணம் விதிப்பதற்குப் பதிலாகச் சிறு தொகை வழங்கப்பட்டது. மலமும் சிறுநீரும் உரமாகப் பயன்படுவதால், தருபவருக்கே பணம் என்பது அவர்கள் கணக்கு. வேடிக்கையாகத் தோன்றினாலும் அதில் பிழையில்லை. ஒருவர் ஓராண்டில் வெளியேற்றும் சிறுநீர் ஏறத்தாழ 500 லிட்டர். உடலிலிருந்து வெளியேறும் தழைச்சத்தின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. அதன்பின் மறுவாழ்வுப் பணிகள் நடந்த ஊர்களில் ஒன்று, வேளாங்கண்ணிக்குத் தெற்கேயுள்ள காமேஸ்வரம். நிலத்தடி நீர் மேலோங்கி நிற்கும் அவ்வூரில், பொருளியல் பேராசிரியர் சியாமா ரமணி தொடங்கிய ஃபிரெண்ட் இன் நீட் அறக்கட்டளை கழிப்பறைப் பணியை எடுத்துக்கொண்டது. குழி தோண்டும் கழிப்பறைகள் நீரை மாசுபடுத்தும் என்பதால் சூழல் கழிப்பறைகளும் அங்கே கட்டப்பட்டன. உலகக் கழிப்பறை நாளையொட்டி, நன்கு பராமரிக்கப்படும் அழகான கழிப்பறைக்குப் பரிசு வழங்கும் போட்டியையும் அங்கு நடத்தினார்கள்.

அத்தகைய கழிப்பறை எவ்வாறு இயங்குகிறது? தரைக்கு மேலே, நீர் கசியாத இரண்டு சிமெண்ட் அறைகள் இருக்கும். சில படிகள் ஏறித்தான் உள்ளே செல்ல வேண்டும். வெள்ளம் வந்தாலும் அறைக்குள் நீர் புகாமல் இருக்கவே அந்த உயரம். மலம் ஓர் அறைக்குள் விழும். பயன்படுத்திய ஒவ்வொரு முறையும் ஒரு கை சாம்பலைத் தூவ வேண்டும். சாம்பல் ஈரத்தை உறிஞ்சும். காரத்தன்மையைக் கூட்டிக் கிருமிகளைக் கொல்லும். ஈயும் நாற்றமும் வராமல் காக்கும். சிறுநீர் தனிக் குழாய் வழியே பானையிலோ தொட்டியிலோ சேரும். கழுவிய நீர் கல்வாழையோ வாழையோ நட்ட பாத்திக்குச் செல்லும். ஓர் அறை நிரம்பியதும் அதை மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்த வேண்டும். நம் வெப்பநிலையில், மூடிய அறையை ஓராண்டுக்கு மேல் திறக்காமல் விட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2006-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். பிறகு திறந்தால் உள்ளிருப்பது உலர்ந்த, நாற்றமற்ற, மண்போன்ற பொருள்.

இது எல்லா வீட்டிற்கும் பொருந்தும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். தண்ணீர் ஊற்றிக் கழுவித் தள்ளுவதே தூய்மை என்று பழகிய மனம், மலத்தின்மீது சாம்பலைத் தூவி விட்டுச் செல்வதை எளிதில் ஏற்பதில்லை. விருந்தினர் ஒருவர் அறியாமல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டால் அறை முழுவதும் நனைந்து நாற்றமெடுக்கும். எரிவாயு அடுப்பு வந்தபின் சாம்பலுக்கே பஞ்சம். முழங்கால் வலியுள்ள முதியோருக்குப் படியேறுவது துன்பம். பக்கவாத நோயாளியை வீட்டில் வைத்துப் பராமரிப்போருக்கு அது இன்னும் கடினம். இவற்றையெல்லாம் முன்கூட்டியே பேசி, வீட்டாருக்குப் பழக்கிய இடங்களில் இம்முறை நிலைத்தது. கட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்ட இடங்களில், இந்தியாவில் வேறெங்கும் நேர்ந்ததைப் போலவே, கழிப்பறை விறகும் வலையும் வைக்கும் அறையாயிற்று.

ஊருக்கே ஓர் ஏற்பாடு

தனித்தனி வீடுகளின் முயற்சி ஓரளவுக்குத்தான் உதவும். குளியலறை, சமையலறை நீரையும் சேர்த்தால் ஒரு சிற்றூரின் கழிவுநீர் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போம். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். 200 வீடுகள், வீட்டுக்கு நால்வர் எனில் 800 பேர். 44,000 லிட்டர் நீர். அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாகத் திரும்பும் என்று பொறியாளர்கள் கொள்வார்கள். நாள்தோறும் சுமார் 35,000 லிட்டர். பெருநகரத்துச் சுத்திகரிப்பு நிலையம் போன்ற ஒன்றை இதற்காகக் கட்டுவது பொருந்தாது. அது மின்சாரத்தையும் பயிற்சி பெற்ற பணியாளரையும் இடைவிடாது கேட்கும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா புயலுக்குப் பின், பல ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றி இருந்ததை நாம் மறக்கவில்லை. மின்சாரம் நின்றால் நின்றுபோகும் நிலையம், நோய்கள் பரவ மிகவும் வாய்ப்புள்ள நாள்களில்தான் கைவிடும்.

மின்சாரத்தைச் சாராத, பரவலாக்கப்பட்ட சுத்திகரிப்பு முறை ஒன்று சில பத்தாண்டுகளாக வளரும் நாடுகளில் கையாளப்படுகிறது. டீவாட்ஸ் என்று அழைப்பார்கள். முதலில் கழிவுநீர் ஒரு படிவுத் தொட்டியில் தங்கும். பிறகு தடுப்புச் சுவர்கள் வைத்த அறைகளின் ஊடே மேலும் கீழுமாகச் செல்லும். ஒவ்வோர் அறையிலும் அடியில் தேங்கிய கசடின் வழியே நீர் ஊடுருவும்போது, அங்குள்ள பாக்டீரியாக்கள் கரிமப்பொருளைத் தின்றுவிடும். அடுத்து கல் நிரப்பிய வடிகட்டி. அதன்பின் நாணலோ கல்வாழையோ நட்ட சரளைக்கல் பாத்தி. நீர் கற்களுக்குக் கீழேயே ஓடுவதால் கொசு பெருகாது. முடிவில் சூரிய ஒளி படும் ஒரு குட்டை. சரிவு ஒன்றே இதன் இயக்கு விசை.

மருத்துவமனைகளிலும் இம்முறை இயங்குகிறது. புதுச்சேரியை அடுத்த தவளக்குப்பத்திலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனை, ஆரோவில்லின் அறிவியல் ஆய்வு மையத்தின் உதவியோடு இத்தகைய அமைப்பை நிறுவி, சுத்திகரித்த நீரைத் தன் தோட்டத்திற்கே பாய்ச்சிவருகிறது. நோயாளிகள் வந்துபோகும் ஓரிடத்தில் இது இயலுமென்றால், ஒரு மீனவக் குப்பத்திலும் இயலும்.

தடைகளும் உண்டு. டெல்டாவில் சரிவு குறைவு என்பதால் ஒரு சிறு பம்பு தேவைப்படலாம். தொட்டிகளை வெள்ளமட்டத்திற்கு மேல் உயர்த்த வேண்டும். பாத்திக்கும் குட்டைக்கும் இடம் வேண்டும். புறம்போக்கு நிலம் கிடைக்காத ஊர்களில் திட்டம் அங்கேயே முடங்கும். வெளிவரும் நீரிலும் சில கிருமிகள் மீந்திருக்கும் என்பதால், அதைத் தென்னைக்கும் மூங்கிலுக்கும் பாய்ச்சலாம். பச்சையாக உண்ணும் கீரைக்கும் வெள்ளரிக்கும் கூடாது. இத்தனைக்கும் மேலாக, ஆண்டுதோறும் பாத்தியைப் பார்த்து, கசடு சேர்ந்ததா என்று அளந்து, அடைப்பை நீக்கப் பொறுப்பான ஒருவர் ஊரில் இருக்க வேண்டும். ஆள் இல்லாத உயர்ந்த தொழில்நுட்பத்தைவிட ஆள் இருக்கும் எளிய தொட்டி மேல் என்பது எங்கள் கருத்து.

தொட்டியைச் சுத்தம் செய்யும்போது

செப்டிக் டேங்கின் கசடை எடுக்க லாரியை அழைக்கிறீர்கள். அந்த லாரி எங்கே கொட்டுகிறது என்று கேட்டதுண்டா? இரவோடிரவாக வாய்க்காலில் கொட்டப்பட்டால், உங்கள் வீட்டு மலம் அடுத்த ஊரின் குளத்திற்குச் செல்கிறது. மலக்கசடு மேலாண்மைக்கான வழிகாட்டு நெறிமுறைகளைத் தமிழக அரசு 2014-இல் வெளியிட்டது. சுத்திகரிப்பு நிலையத்திற்குக் கொண்டுசெல்லும் வண்டிதானா என்று நகராட்சியிலோ ஊராட்சியிலோ விசாரித்தபின் அழையுங்கள். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும்போது தொட்டியை முழுவதும் காலி செய்ய வேண்டாம். வெறுமையான தொட்டியை அடியிலிருந்து நீர் மேலே தள்ளிச் சுவரையே பிளந்துவிடக்கூடும். சித்திரை, வைகாசி அதற்கேற்ற காலம்.

எந்நிலையிலும் ஒரு மனிதரை அதற்குள் இறக்காதீர்கள். அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, அளவு மிகும்போது மூக்கின் மணமறியும் ஆற்றலை முடக்கிவிடும். நாற்றம் நின்றது, இனி ஆபத்தில்லை என்று எண்ணி இறங்குபவர் சில மூச்சில் மயங்கி விழுவார். அவரைக் காப்பாற்ற இறங்கும் இரண்டாமவரும் மூன்றாமவரும் அவ்வாறே. ஒரே தொட்டியில் ஒரே குடும்பத்தவர் அடுத்தடுத்து இறந்த செய்திகளின் பின்னணி இதுதான். பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். இறக்கச் சொல்லும் வீட்டாரும் அதில் சிக்குவார்கள். பாதாளச் சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி தொடர்பான உதவிக்கு 14420 என்ற எண் உள்ளது.

வீடு திரும்பிய பின்

நோய் குணமாகிவிட்டது என்பதற்கும் கிருமி உடலைவிட்டு நீங்கிவிட்டது என்பதற்கும் இடைவெளி உண்டு. ஹெபடைடிஸ் ஈ கண்டவரின் மலத்தில், நோய் தொடங்கி மூன்று நான்கு வாரங்கள்வரை வைரஸ் வெளியேறும். டைபாய்டு கண்டவர்களில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேர்வரை, எவ்விதத் தொல்லையும் இல்லாமலேயே ஓராண்டுக்கு மேலும் கிருமியைச் சுமப்பார்கள். உணவகத்திலோ சத்துணவுக் கூடத்திலோ சமைப்பவராக இருந்தால், வேலைக்குத் திரும்புமுன் எங்களிடம் மறுபரிசோதனை செய்துகொள்வது கட்டாயம். வீட்டிலும் சில வாரங்களுக்கு வேறொருவர் சமைப்பது நல்லது.

படுத்த படுக்கையாக இருப்பவரைப் பராமரிப்போர், மலத்தட்டில் உள்ளதைக் கொல்லையில் கொட்டாமல் கழிப்பறையிலேயே சேர்க்க வேண்டும். குழந்தையின் மலம் தீங்கற்றது என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக உள்ளது. ரோட்டா வைரஸ் தாக்கிய குழந்தையின் ஒரு கிராம் மலத்தில் பல நூறு கோடி வைரஸ்கள் இருக்கும். அதுவும் கழிப்பறைக்கே போக வேண்டும். சுத்தம் செய்தபின் இருவர் கைக்கும் சோப்பு வேண்டும். கழிப்பறைத் தரையைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடைக்கலாம். ஆனால் பாக்கெட் பாக்கெட்டாகத் தொட்டிக்குள் கொட்டினால், கசடைச் செரிக்கும் பாக்டீரியாக்களும் மடிந்து தொட்டி வேலை செய்யாமல் போகும். ஆசிட்டுக்கும் இதுவே பொருந்தும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் நச்சு வாயு கிளம்பும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலும் துத்தநாக மாத்திரையும் முதல் மருந்து. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டர் நீரில்தான் கரைக்க வேண்டும். தம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கினால் உப்பின் அளவு தவறிவிடும். கரைக்கும் நீரும் காய்ச்சி ஆறவைத்ததாக இருக்கட்டும்.

அடிபம்பு நீரைக் குழந்தைக்குப் பால்மாவு கலக்கப் பயன்படுத்துவோருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கழிவுநீர் கசிந்த நிலத்தடி நீரில் நைட்ரேட் மிகுந்திருக்கக்கூடும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம்வரை மட்டுமே இந்தியத் தரநிலை அனுமதிக்கிறது. அதற்கு மேற்பட்டால், ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம்பாரிக்கலாம். நைட்ரேட் கொதிக்கவைத்தால் நீங்காது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். தாய்ப்பாலுக்கு இந்த ஆபத்து எதுவும் இல்லை.

உங்கள் வீட்டு நீரின் நிலையை அறிய விரும்பினால், ஊராட்சியின் குடிநீர்க் குழுவிடம் ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பி இருக்கிறதா என்று கேளுங்கள். குறியிட்ட அளவுவரை நீரை ஊற்றி மூடி, ஒன்றிரண்டு நாள் நிழலில் வைத்தால், மலக்கலப்பு இருக்கும் நீர் கறுத்துவிடும். நீர் திறந்தவுடன் வரும் முதல் குடத்திலிருந்து ஒரு குப்பியும், கால்மணி நேரம் கழித்து மற்றொன்றும் எடுங்கள். முதலாவது மட்டும் கறுத்தால் கசிவு உங்கள் தெருவிலேயே இருக்க வாய்ப்பு மிகுதி. கறுத்தால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தை அணுகுங்கள். நுண்ணுயிர்ச் சோதனைக்குரிய கிருமிநீக்கிய பாட்டிலை அங்கிருந்தே வாங்கி, நீர் எடுத்த ஆறு மணி நேரத்திற்குள் கொண்டுசேர்க்க முயலுங்கள். அவர்கள் தரும் அறிக்கையின் நகல் ஒன்றை ஊராட்சித் தலைவரிடம் கொடுத்துவிட்டு, மற்றொன்றை அடுத்த முறை மறுபரிசோதனைக்கு வரும்போது எங்களிடம் கொண்டுவாருங்கள்.